வயிற்று வலி என்று சொல்லிப் புதைத்தோம்

பிரியமான சகோதரரே, சகோதரிகளே, எனக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. இதை முதல் வரியாகவே எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்தபோது, "ஒரு கொடிய வியாதின்னு மட்டும் சொல்லுங்க, பொம்பளைங்க இருக்காங்க" என்று காதில் ஓதினார்கள். காலில் புண் வந்தால் கால் என்கிறோம். கண்ணில் புரை விழுந்தால் கண் என்கிறோம். இதற்கு மட்டும் பெயர் கிடையாதா? இதையும் கர்த்தர்தானே படைத்தார்? அந்தப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு என் அண்ணன் செத்துப்போனார். நானும் சாகக் கிடந்தேன். ஆகையால் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆசீர்வாதம். பாலக்கரையில் வீடு. இருபத்தைந்து வருஷம் பஸ் ஓட்டினவன். ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் ஓடும் டவுன் பஸ். 1959-ல் எனக்கு ஐம்பத்தேழு வயது. அப்போதுதான் தொல்லை ஆரம்பித்தது.

முதலில் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்தேன். பிறகு நாலு தடவை ஆயிற்று. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பிறகு பகலிலும் பிடித்துக்கொண்டது. ஜங்ஷனில் ஒன்றுக்குப் போய்விட்டுத்தான் வண்டியை எடுப்பேன். சத்திரம் ஸ்டாப் வருவதற்குள் மறுபடியும் முட்டும். ஸ்ரீரங்கத்தில் வண்டியை நிறுத்தியதும் சுவரோரம் ஓடுவேன். ஓடிப்போய் நின்றால் வராது. முக்கி முக்கி நின்றால் சொட்டும். நான் நிற்க நிற்க, கண்டக்டர் காதர் விசில் ஊதுவான். "டிரைவர் எங்கய்யா போயிட்டாரு?" என்று ஜனங்கள் சத்தம் போடுவார்கள். பாதியில் வந்து உட்கார்ந்தால் காக்கி கால்சட்டை நனையும். சீட்டில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தேன். சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தேன். நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

ஜெபித்தேன். ஒரே ஒரு ஆளிடம் வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன். எங்கள் சபை மூப்பரிடம். எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்கத்தான் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டிரைவர் உத்தியோகம். நாலு இடம் போயிருப்பீங்க. மறைச்சு வெச்ச பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடுங்க. அப்புறம் ஜெபிக்கலாம்" என்றார்.

என் மனைவி எஸ்தரைத் தவிர வேறு ஒரு பெண்ணை நான் தொட்டதில்லை. கர்த்தருக்கு அது தெரியும். எழுந்து வந்தேன். அன்றிலிருந்து ஆறு மாதம் ஆலயப் படி ஏறவில்லை. அது தவறுதான். ஆனால் அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

பிறகு மார்க்கெட் பக்கம் ஒரு வைத்தியரிடம் போனேன். அவர் என் உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள், "வெட்டைச் சூடு. நாற்பத்தெட்டு நாள் சாப்பிடுங்க" என்று ஒரு லேகியத்தைக் கையில் கொடுத்தார். பொட்டலத்தின் மேல் 'ஆண்களின் ரகசிய நோய்களுக்கு' என்று அச்சடித்திருந்தது. அதை ஒளித்து வைத்துச் சாப்பிட்டேன். ஒரு நாள் சட்டை துவைக்கும்போது எஸ்தர் கையில் அது அகப்பட்டது.

"இது எதுக்குங்க?"

"உடம்புச் சூட்டுக்கு."

"எந்த வீட்டுச் சூடு?" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை. என் துணி நனைகிறது என்று சொல்வதைவிட, நடத்தை கெட்டவன் என்று பெயர் வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆண்பிள்ளையின் புத்தி எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

1960-ம் வருஷம் மார்கழிக் குளிரில் நிலைமை மோசமாயிற்று. வைகுண்ட ஏகாதசி அன்று எனக்கு விடியற்காலை முதலே டியூட்டி. ஸ்ரீரங்கத்துக்கு ஜனம் அலைமோதும் நாள். லீவு கேட்க முடியாது. ஷெட்டில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஜெபித்தேன். அது ஜெபமா, சண்டையா, எனக்குத் தெரியாது.

"உமக்குக் காது இருக்கிறதா? என் அண்ணனுக்கு வயிற்று வலியைக் கொடுத்துக் கௌரவமாகக் கூப்பிட்டுக்கொண்டீர். எனக்கு மட்டும் ஏன் இந்த அசிங்கம்? சுகமாக்கும், இல்லாவிட்டால் கூப்பிட்டுக்கொள்ளும். நடுவில் நிறுத்திக் கேலி பண்ணாதேயும்."

ஆமென்கூடச் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

பத்து மணி வாக்கில் காவேரிப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் மாட்டுவண்டி, பஸ், நடந்து போகிற கூட்டம். வண்டிக்குள் கோவிந்தா கோவிந்தா என்று ஒரே முழக்கம். எனக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பாலத்து முனையில் ஆற்றங்கரைக்கு இறங்கினேன். வெகுநேரம் நின்றேன். ஒரு சொட்டு வரவில்லை. சொட்டாவது வந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றுபோயிற்று. தொப்புளுக்குக் கீழே கையை வைத்தால் கல் மாதிரி இருந்தது. அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் நனைந்தது. எப்படியோ ஏறி வந்து சீட்டில் உட்கார்ந்தேன்.

"டிரைவரண்ணே, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு?" என்றான் காதர்.

"ஒண்ணுமில்லப்பா."

சொல்லி முடிப்பதற்குள் ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டேன். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து வண்டி ஓட்டத் தெரிந்த ஓர் ஆளைக் கூப்பிட்டு வண்டியை ஒப்படைத்துவிட்டு, காதர் என்னைத் தாங்கிப் பிடித்து நடத்தி, ஒரு குதிரை வண்டியில் ஏற்றினான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். நான் மாட்டேன் என்றேன். என்ன வியாதி என்று அங்கே கேட்பார்களே. உயிர் போகிற நேரத்திலும் எனக்கு அந்தப் பயம்தான். "வீட்டுல விட்டுடு" என்றேன்.

வீட்டில் என் அண்ணி அன்னம்மாள் உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் சாமிதாசின் விதவை. உறையூரில் இருந்தவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமசுக்குத்தான் வருவார்கள். அவர்களுக்கும் எஸ்தருக்கும் நடுவில் தரையில் அந்த லேகியப் பொட்டலம் கிடந்தது. முந்தின நாள் எஸ்தர் அதை எடுத்துக்கொண்டு உறையூர் போய், புருஷன் கெட்டுப்போய்விட்டார் என்று அவர்களிடம் அழுதிருக்கிறாள். பொட்டலத்தைப் பார்த்த அண்ணி மறுநாள் காலையிலேயே புறப்பட்டு வந்துவிட்டார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நாக்கு வறள்கிறது, மோர் வேண்டும் என்றேன். எஸ்தர் கொண்டுவந்த செம்பை அண்ணி பிடுங்கிவிட்டார்கள்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

என் வாழ்நாளில் ஒரு பெண் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "அண்ணி, அதெல்லாம் எதுக்கு" என்று இழுத்தேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி."

"காலையில. அதுவும் சொட்டுதான்."

"உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"அண்ணனுக்கு வயித்து வலிதானே?"

"வயித்து வலி இல்ல. மூத்திரம் அடைச்சுக்கிச்சு. நாலு நாள் துடிச்சாங்க. டாக்டரைக் கூட்டியாரேன்னேன். என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினாங்க, யாருகிட்டயும் சொல்லக் கூடாது, தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாதுன்னு. நானும் சொல்லல. இதே லேகியம்தான். இதே வைத்தியர்தான்."

எனக்கு வலியைவிடக் கோபம் பெரிதாக வந்தது. ஆறு வருஷமாக அந்த மனிதருக்கு வயிற்று வலி என்று நானும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே. "ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"நீங்க சொன்னீங்களா? உங்க பொண்டாட்டி உங்களை நடத்தை கெட்டவருன்னு நெனச்சு எம் மடியில விழுந்து அழுதா. அவகிட்டயாவது சொன்னீங்களா?"

 எஸ்தர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெறும் அடைப்புதானா? வேற ஒண்ணுமில்லையா?" என்று கேட்டாள். வேறொன்றும் இல்லை என்று தலையாட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இதைச் சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு? ரெண்டு மாசம் என்னைக் கொன்னு போட்டீங்களே."

வாசலில் நின்ற காதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அனுப்பிவிட்ட குதிரை வண்டியை ஓடிப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. ரப்பர் குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்தார். கண்ணாடி ஜாடி நிறைந்தது. அந்த நேரத்தில் எனக்கு உண்டான நிம்மதியை என்னால் எழுத முடியாது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கோபமில்லாமல் கர்த்தருடைய பேரைச் சொன்னேன்.

பிறகு என்னைச் சரித்துப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, கையுறை மாட்டி, பின்பக்க வழியாக ஒரு விரலை விட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சங்கடமாக இருந்தது. அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் சாகத் துணிந்தோம்.

"மூத்திரப்பை வாசல்ல ஒரு சுரப்பி இருக்கு. பிராஸ்டேட்னு பேரு. எல்லா ஆம்பிளைக்கும் உண்டு. கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கணும். உங்களுக்கு எலுமிச்சம்பழம் அளவு வளர்ந்து வழியை அடைச்சிருக்கு" என்றார் டாக்டர்.

எஸ்தர் கேட்டாள். "கெட்ட சகவாசத்துனால வர்றதாங்க?"

"தலை நரைக்குதே, அது கெட்ட சகவாசத்துனாலயாம்மா? இது வயசுனால வர்றது."

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவருக்கும் கோபம். "ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா இவ்வளவு கஷ்டம் இல்ல. இப்ப சிறுநீரகமும் கெட்டிருக்கு. இதே இடத்துல சிலருக்குப் புத்துநோயும் வரும். விரலை வெச்சுப் பார்க்காம எங்களுக்கு எப்படித் தெரியும்? ஏன் எல்லாரும் கடைசி நாள்லயே வர்றீங்க?"

ரத்தத்தில் உப்பு ஏறியிருந்ததால் உடனே ஆபரேஷன் செய்ய முடியவில்லை. அடிவயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மூன்று வாரம் அந்தக் குழாயோடு கிடந்தேன். பிறகு முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் நடந்தது. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எஸ்தரும் அண்ணியும் வராந்தாவில் முழங்காலில் நின்றார்கள். ரத்தம் வேண்டும் என்றபோது, அதற்காகவே அன்று டியூட்டிக்குப் போகாமல் வந்திருந்த காதர் சட்டைக் கையை மடித்துவிட்டான். நான் பிழைத்தது அப்படித்தான்.

எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயா இல்லையா என்று தெரிய எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் மூப்பரையும் வைத்தியரையும் திட்டவில்லை. என்னையே திட்டிக்கொண்டேன். புற்று இல்லை என்று டாக்டர் வந்து சொன்னார். குழாயை எடுத்த பிறகு ஒரு நாள் காலையில், சுவரைப் பிடித்து நடந்துபோய் நின்றேன். தாரையாகப் போயிற்று. வெளியே நின்ற எஸ்தருக்குச் சத்தம் கேட்டுவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். கர்த்தர் எனக்குச் செய்த நன்மைகளில் அந்தச் சத்தத்துக்கு இணை கிடையாது.

அண்ணி உறையூருக்குக் கிளம்பும்போது என்னிடம் கேட்டார்கள். "செத்தவங்களுக்குக் குடுத்த சத்தியத்தை மீறிட்டேனே தம்பி, அது பாவமா?"

"நீங்க மீறலைன்னா நானும் மண்ணுக்குள்ள போயிருப்பேன் அண்ணி. உங்களை அனுப்புனதே கர்த்தர்தான்."

அவர்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "ஆறு வருஷம் முந்தியே என்னை வாயைத் திறக்க வெச்சிருக்கலாமே அவரு" என்றார்கள்.  

நான் வானத்திலிருந்து ஒரு தூதனை எதிர்பார்த்தேன். கர்த்தர் என் மனைவியின் சந்தேகத்தையும் அண்ணியின் கோபத்தையும் அனுப்பினார். ஒரு டாக்டரின் விரலையும், காதருடைய ரத்தத்தையும் அனுப்பினார். நான் ஷெட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த வேளையிலேயே அண்ணி உறையூரிலிருந்து பஸ் ஏறிவிட்டார்களாம். கேட்டதற்குப் பதில் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

உடம்பு தேறியதும் சபையில் எழுந்து நின்று, யார் தடுத்தும் கேட்காமல், எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சொன்னேன். எந்தப் பெண்ணும் மயங்கி விழவில்லை. ஆராதனை முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்கள். ஏழு பெண்கள் என்னிடம் வந்தார்கள். "எங்க வீட்டுல அவருக்கும் அப்படித்தாங்க இருக்கு" என்றார்கள். அந்த ஏழு பேரின் புருஷன்மாரில் நாலு பேரை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒருவருக்கு அந்தச் சுரப்பி கடினமாக இருக்கிறது, புற்றாக இருக்கலாம் என்று டாக்டர் தனியாகக் கவனிக்கிறார். அவருக்காக ஜெபியுங்கள். மூன்று பேர் இன்னும் வர மறுக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. மூப்பருக்கும் இப்போது அறுபத்தொரு வயது. ஜெபக் கூட்டத்தின் நடுவில் இரண்டு தடவை எழுந்து வெளியே போகிறார். கர்த்தர் அவருக்கும் ஓர் அண்ணியை அனுப்புவாராக.

நான் இப்போது பஸ் ஓட்டுவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போய்ச் சரிந்து படுத்து முழங்காலை மடக்குகிறேன். எஸ்தரிடம் எதையும் மறைப்பதில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய சகோதரரே, முழங்காலில் நில்லுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள், அவர் அதையும் கேட்கிறவர். ஜெபித்து முடித்ததும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பாலக்கரையில் என் வீட்டுக்கு வாருங்கள், நானும் வருகிறேன். சீட்டு எழுதுகிறவர் என்ன வியாதி என்று கேட்கும்போது எனக்குப் பின்னால் நில்லுங்கள். நான் சத்தமாகச் சொல்கிறேன்.