டபுள் விசில்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். அன்று முன்னால் போன லோடு ஆட்டோ ஒரு மாணவியின் சைக்கிளை உரசிவிட, எங்கள் பஸ்ஸும் நின்றது. அவளுக்கு முட்டியில் சிராய்ப்புதான். அதற்குள் என் பயணிகள் இறங்கி, ஆட்டோக்காரனை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். வாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. சைக்கிளைக் கண்ணால் பார்க்காதவன்கூடக் கடைசி சீட்டிலிருந்து ஓடிவந்து அடித்தான். விலக்கப் போன என் மூக்கிலும் ஒரு குத்து. ஒருவன் கருங்கல்லைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான்.

கெஞ்சினால் கேட்கிற கூட்டமா அது? படியில் ஏறி டபுள் விசில் கொடுத்தேன். டிரைவர் புரிந்துகொண்டு வண்டியை மெல்ல நகர்த்தினார். அவ்வளவுதான், அடித்த அத்தனை பேரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். ஆட்டோக்காரன் எழுந்து உட்காருவதைப் பின்படியிலிருந்து பார்த்தேன்.

கல்லைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தவன் கடைசியாக ஏறினான். அவனுடைய ஜன்னலோரத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் ரத்தத்தோடு என்னிடம் வந்தான்.

"இன்னா அண்ணாத்த இது, நான் துண்டு போட்டு வெச்ச சீட்டு. கொஞ்சம் நாயத்தைக் கேளு."