சேவல் ராஜாவும் எங்கள் வேனும்

எங்கள் மாமா எடுத்த படத்தை முதலில் பாராட்டியவர்கள் நாங்கள்தான். கடைசியாகப் பாராட்டியவர்களும் நாங்கள்தான். இடையில் வேறு யாரும் வரவில்லை.

அம்மாவின் தம்பியான அவர் சென்னையில் பல வருஷம் உதவி இயக்குநராக அலைந்து, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு படம் எடுத்தார். அந்தக் காலத்து ராஜா கதை. விடிந்தால் போருக்குப் போகவேண்டும் என்று பயந்த ராஜா, விடியாமல் இருப்பதற்காக நாட்டில் ஒரு சேவலும் கூவக்கூடாது என்று ஆணை போடுகிறான். மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கு இதைவிட நல்ல கதை உலகத்திலேயே கிடையாது. இப்போதும் கொஞ்சம் அப்படித்தான்.

முதல் நாளே திருமங்கலத்திலிருந்து வேன் பிடித்து மதுரைக்குப் போனோம். பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் என்று வேன் கொள்ளவில்லை. படம் விட்டதும் வாசலில் யூடியூப்காரர்கள் மைக்கை நீட்டுவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். "சொந்தக்காரங்கன்னு காட்டிக்கிராதீங்க. குடும்பத்தோட பாக்கலாம்னு மட்டும் சொல்லுங்க" என்று வேனிலேயே பாடம் நடத்திவிட்டார். பெரியம்மா சொன்னார், சித்தி சொன்னார், நானும் சொன்னேன். அப்பா மட்டும் மைக்கைக் கண்டதும் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். அம்மா வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை.

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. அதன் கீழே ஒருவர், "எல்லாரும் ஒரே வேன்ல வந்திருப்பாய்ங்க போல" என்று எழுதியிருந்தார். விமர்சனக்காரர்கள் இன்னும் மோசம். படத்தில் சேவல்தான் நன்றாக நடித்திருக்கிறது என்றார் ஒருவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மா வைத்த கறிக்குழம்பைச் சோற்றோடு பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர, வாயில் வைக்கவில்லை. "படம் அம்புட்டு நல்லாருந்துச்சுடா, கண்ணு பட்டுருச்சு" என்றார் அம்மா. எல்லாப் பாராட்டுக்கும் மாமா "ம்" கொட்டினார். இனிமேல் யார் தன்னை நம்பிப் படம் கொடுப்பார்கள் என்ற கவலை அவருக்கு. கடைசியில் அப்பா பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மச்சான்."

சினிமாவை விட்டுவிட்டுக் கப்பலூரில் தான் வேலை பார்க்கும் கம்பெனிக்கே வரச்சொல்லி மாமாவை வற்புறுத்தியவர் அப்பா. அம்மா கண்ணாலேயே அவரை மிரட்டினார். பலிக்கவில்லை.

"கடைசியில ராசா எதுக்கு மாப்ள அழுகுறான்? புதன்கிழமை ஷிப்ட் முடிஞ்சு, ஆரப்பாளையம் பக்கம் போயி இன்னொருக்கா பாத்தேன். அப்பவும் வெளங்கல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. குறை கண்டுபிடிப்பதற்காகக் கைக்காசு போட்டு இரண்டாம் தடவை பார்க்கும் மனிதரை அன்றுதான் கண்டேன்.

"சேவல் கூவாமலே விடிஞ்சிருச்சுல்ல மச்சான். இனிமே ஒளிய எடமில்லன்னு தெரிஞ்சுபோச்சு, அதான்."

"அது சரி. நீ அதக் காட்டலையே? சன்னலத் தெறக்குறான், ஒடனே அழுகுறான். கொஞ்ச நேரம் வெளிய பாக்க விட்டிருக்கலாம்ல?"

மாமா அப்பாவையே பார்த்தார். "விட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "அப்ப அந்த மந்திரி வார சீனு?" என்று கேட்டார். அதிலும் அப்பாவுக்குக் குறை இருந்தது. மாமா அதை ஒத்துக்கொள்ளவில்லை. குரல் உயர்ந்தது. அதற்கிடையில், "அக்கா, இன்னுங்கொஞ்சம் சோறு போடு" என்றார்.

அன்று பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அவர் அப்பாவை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். வாய் வலிக்கப் பாராட்டிய எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று தெரியாத மனிதர் எப்படிப் படம் எடுத்து உருப்படுவார் என்று நான் மனம் நொந்துபோனேன்.