புதுத் தண்ணீரில் மகளை இறக்கினேன்

கூலித் தகராறில் எங்கள் வயலில் நடவு நின்றுபோன வருஷம் அது. வீட்டில் இருக்க மனமில்லாமல் எட்டு வயது மகளுடன் ஒகேனக்கல் போனேன். காவிரியின் கடைமடையில், கீழ்வேளூர்ப் பக்கம் வளர்ந்த எங்களுக்குப் பாறை என்பதே புதுசு. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே காவிரி ஒடுங்கி ஓடும் இடுக்கில் இறங்கி நடந்தோம்.

திடீரென்று தண்ணீர் செம்மண் நிறமானது. நுரையும் சருகும் மிதந்து வந்தன.

"அம்மா, புதுத்தண்ணி!" என்று துள்ளினாள் மகள்.

எங்கள் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தால் ஓடிப்போய் இறங்கிக் கும்பிடுவோம். அதே பழக்கத்தில், "போடி, கால நனைச்சுக்க" என்று நானே அவளை இறக்கிவிட்டேன்.

"ஏ பொம்பள! புத்தி இருக்கா உனக்கு? புள்ளையத் தூக்கு, மேல ஏறு!"

மேலே பாறையில் நின்று கத்திய பரிசல்காரர் ஒருவர், நான் விழித்து நிற்பதைப் பார்த்து, தாமே சறுக்கி இறங்கினார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்து மேலே ஏற்றினார். திரும்பிப் பார்த்தேன். அவள் நின்றிருந்த பாறையைக் காணவில்லை; அதன் மேல் வெள்ளம் ஓடியது.

"எந்த ஊரும்மா?"

"கீழ்வேளூர் பக்கங்க."

"தண்ணி அங்கதான வருது? வீட்லயே இருந்து கும்பிட்டிருக்கலாம்ல?" என்று சிரித்தார்.

வேலையாட்கள் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள் என்பதுதான் அந்த வருஷம் எங்கள் வீட்டில் பெரிய புகார். நானும் சொல்லியிருக்கிறேன். அன்று அவர் 'வாங்க, போங்க' என்று என்னைப் பணிவாகக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருந்தால், என் மகள் இன்று இருந்திருக்க மாட்டாள்.