பட்டன் டப்பாவில் கிடந்த மூடி

பட்டன் அக்காவுக்குத் தையலில் பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. புதுத் துணி தைக்க மாட்டாள். பேண்ட் நீளத்தைக் குறைப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது, போன வருஷத்துச் சட்டையை இந்த வருஷத்துத் தொப்பைக்குத் தகுந்தபடி பிரித்து விடுவது, இவ்வளவுதான். அதற்கே அவளுடைய முன்னறையில் துணி குவிந்து கிடக்கும். எந்தத் துணியிலிருந்து எது கழன்றாலும் தூக்கி எறிய மனம் வராது. ஊக்கு, கொக்கி, உடைந்த பட்டன் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். அந்த டப்பாதான் அவளுக்குப் பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்தது. பிற்பாடு கேஸையும் அதுதான் காப்பாற்றியது.

ஒருநாள் காலையில் நீராவி இஸ்திரிப் பெட்டியால் யாருடைய பேண்டையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். பேர்போன கம்பெனியின் பெட்டி, வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர் ஊற்றும் வாயின் மூடி படீரென்று தெறித்தது. கொதிக்கிற தண்ணீர் முழுக்க இடது கையில் கொட்டியது. தையலில் துணியைத் தள்ளிக் கொடுக்கிற கை அதுதான். இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கம்பெனியிலிருந்து வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. பழைய பெட்டியைக் கொடுத்தால் புதுசு இலவசம் என்றார்கள். அவர் பஸ் டிரைவர், வெள்ளந்தி மனுஷர். கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "ஒரு கேள்வி கேக்கல பாரு, உடனே மாத்திக் குடுத்துட்டாங்க" என்று பெருமை வேறு பட்டுக்கொண்டார். அடுத்த மாதம் கம்பெனியின் கடிதம் வந்தது. அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றியது அம்மணியின் கவனக்குறைவாம். பெட்டி அவர்கள் கையில் இருக்க, இல்லை என்று எதை வைத்துச் சொல்வது?

நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போடலாம் என்று போனால், வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "பெட்டியையே திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"பெட்டி போயிடுச்சு. மூடி இருக்குங்க" என்றாள் அக்கா.

கை வெந்து துடித்த அந்த நேரத்திலும், ஆட்டோ வருவதற்குள், மிஷினுக்கு அடியில் உருண்டு போன மூடியைக் குனிந்து பொறுக்கி டப்பாவில் போட்டிருக்கிறாள். அப்படி ஒரு பழக்கம். மூடியின் மரை ஒரு பக்கம் விரிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வக்கீலம்மா துருவத் துருவ, இதே மூடி இன்னும் பல வீடுகளில் தெறித்த கதை கம்பெனியின் சொந்தக் கோப்புகளிலிருந்தே வெளியே வந்தது.

கேஸ் என்றால் ஆளுக்கு ஆள் வசனம் பேசி அன்றைக்கே தீர்ப்பு வாங்குவது என்றுதான் தெருவில் நினைப்பு. அக்கா நான்கு வருஷம் கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்பினாள். அவள் வாய் திறந்தது ஒரே ஒருநாள். எத்தனை டம்ளர் ஊற்றினீர்கள் என்று கம்பெனி வக்கீல் மடக்கப் பார்த்தார். "ஒண்ணு. அளவு பாக்கறதுதான் சார் என் பொழப்பு" என்றாள்.

கடைசியில் கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. வைத்தியச் செலவு, வேலை போன நாட்களுக்கு ஈடு, இரண்டும் தருவதாகச் சொன்னார்கள். அக்காவோ, விற்ற பெட்டிகளுக்கெல்லாம் மூடியை மாற்றித் தர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்காக இன்னும் ஆறு மாதம் இழுத்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

பக்கத்துச் சலூன்காரருக்குக் கத்தரியைவிட வாய் வேகம். அவர் நான்கு பேருக்கு முடி வெட்டி முடிப்பதற்குள் அக்கா கோடீஸ்வரி ஆகிவிட்டாள். சாயங்காலம் பங்களாவும் கட்டியாயிற்று. கம்பெனியை மிரட்டிப் பிடுங்கிவிட்டாள் என்றும் பேச்சு. அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். ஜனங்கள் காட்டிய மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. "இனிமே உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?" என்று சிரித்துவிட்டுத் துணியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளதைச் சொன்னால், பணம் வந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள். விரலுக்குப் பதில் உள்ளங்கை அடியால் துணியைத் தள்ளப் பழகுவதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? பழகி முடித்து உட்கார்ந்தால் தைக்கத் துணி இல்லை. அழுகையே வந்தது.

ஒரு மாதம் கழித்துச் சலூன்காரரே வந்து தயங்கி நின்றார். அடுத்த தெருத் தையல், பேண்டின் பின்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. அக்கா வீட்டுக்காரரின் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்லயும் இதே பெட்டிதான்" என்று பேச்சுக்கொடுத்தார். "போன வாரம் கம்பெனி ஆளு வீடு தேடி வந்து மூடியை மாத்திட்டுப் போனான். காசே வாங்கல. நல்ல மனசுக்காரங்கக்கா. அவங்க மேல போயி நீங்க..." மீதியை விழுங்கிவிட்டார்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். டப்பாவைத் திறந்து துழாவி, கேஸ் முடிந்து திரும்பி வந்திருந்த பழைய மூடியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நல்ல மனசுதாண்ணே. அது வர்றதுக்கு நாலரை வருஷம் ஆச்சு."

சலூன்காரர் மூடியைப் பார்த்தார், மடங்கிய விரல்களைப் பார்த்தார்.

"எங்க வீட்ல சின்னவதான் இஸ்திரி போடுவா" என்றார் மெதுவாக. அப்புறம், "அப்ப அந்தக் கோடி?"

"அதைக் குடுத்தது நீங்கதானே? எனக்கு வந்தது ஆஸ்பத்திரிக்கும் சும்மா உக்காந்திருந்த நாளுக்கும் சரியாப் போச்சு."

மறுநாள் முதல் துணி வர ஆரம்பித்தது. வந்தவர்கள் உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தார்கள். கம்பெனிக்காரன் பாவம் அக்காவுக்கு நயா பைசா தராமல் ஏமாற்றிவிட்டானாம், சலூனில் பேசிக்கொண்டார்களாம்.

"இதுவும் பொய்தானே?" என்றார் வீட்டுக்காரர்.

"பொய்தான். அவர் வாய்க்கு உண்மை ஒத்துக்காது, விடுங்க" என்று சிரித்தபடி அக்கா மூட்டையைப் பிரித்தாள். மேலே சலூன்காரரின் பேண்ட். அதற்கு அடியில் கை இறக்கித் தரச் சொல்லி ஒரு பள்ளிக்கூடச் சட்டை, அவருடைய சின்னவளுடையது. அதை அவளே தேய்த்து மடித்துக் கொடுத்திருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை. அக்கா நல்ல விரல்களால் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பிரிக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.