இரண்டு கேபின், எட்டுப் பேர்

1991இல் சேரப்பணஞ்சேரியில் நான் சித்தாளாக வேலை செய்தபோது எங்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் அவர். குட்டையான ஆள். சிமெண்டில் வெடித்த விரல்கள். எதைக் கண்டாலும் சாண் வைத்து அளப்பார், டீக்கடை பெஞ்சைக்கூட.

அந்தமானில் கட்டட வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கப்பலேற இருந்தார். மனைவியை இழந்தவர், கணவனை இழந்த ஒருத்தியை அப்போதுதான் கட்டியிருந்தார். இவருக்கு மூன்று பிள்ளைகள், அவளுக்கு மூன்று. காண்டிராக்டர் எடுத்துத் தந்தது நாலு நாலு பேர் படுக்கும் இரண்டு கேபின். நான் ஒருமுறை அந்தக் கப்பலின் அடித்தட்டில் போய் வந்தவன் என்பதால், யாரை எந்தக் கேபினில் படுக்க வைப்பது என்று என்னைக் கேட்டார்.

“இதுல இன்னா கீது மேஸ்திரி? உங்க புள்ளைங்களோட நீங்க ஒண்ணுல, அண்ணி அவங்க புள்ளைங்களோட ஒண்ணுல.”

“அதான் வூட்லயே நடக்குதே. என் பெரிய பொண்ணு இன்னும் அவகிட்ட ஒரு வார்த்த பேசல. ஆமா, கப்பல்ல வாந்தி வருமா?”

“கொடலே வெளிய வந்துடும்.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப என் புள்ளைங்களோட அவ, அவ புள்ளைங்களோட நான். வாந்தி எடுக்கசொல்ல நெத்திய புடிச்சுக்க யாராவது வேணும்ல. அங்க வேற ஆள் இருக்காது.”

“கடல் ஆடாம போச்சுன்னா?”

எழுந்து போய்விட்டார். அன்று மாலை படப்பை கோயிலில், கப்பல் நன்றாக ஆட வேண்டும் என்று கற்பூரம் ஏற்றினார்.

அவர்கள் கப்பலேறிய மறுநாள் இங்கே பேய்க்காற்று. என் குடிசையில் பாதிக் கூரை போய்விட்டது. வயலில் ஓலை பொறுக்கியபடி, கடலிலும் இப்படித்தான் அடித்திருக்கும் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.