உப்பு போட்ட கஞ்சி

ரேணிகுண்டா ஜங்ஷனின் முதல் நடைமேடையில் ஓர் எடை இயந்திரம் நின்றது. ஏறி நின்று காசு போட்டால் அதன் முகத்தில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் ஓடும். பிறகு ஒரு சின்ன அட்டை கீழே விழும். அட்டையின் ஒரு பக்கத்தில் கிலோ கணக்கு. மறுபக்கத்தில் ஒரு வரி ஜோசியம். 1993 ஏப்ரல் தொடங்கி ஏழு மாதம், ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும், நகரியில் நான்கு விசைத்தறி வைத்திருந்த வேதாச்சலம் தம் மகள் பத்மினியை அதன்மேல் ஏற்றினார். ஏறுவதற்கு முன் அவள் செருப்பையும் கண்ணாடி வளையல்களையும் கழற்றித் தந்தையிடம் கொடுப்பாள். அவர் அவற்றைத் துண்டில் முடிந்துகொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று இரு புறமும் நோட்டம் விடுவார். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் தரகர் ரங்கையா. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த ஒரு மாப்பிள்ளையின் ஜாதகத்தை அவர் கொண்டுவந்திருந்தார். அந்த ஆண்டுகளில் நகரியிலும் புத்தூரிலும் வீட்டுக்கு ஒருவர் வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். வேதாச்சலத்தின் மகன் கிரண்குமாரும் கம்ப்யூட்டர் படிப்பதற்காகப் பெங்களூர் போயிருந்தான். பெண் பார்க்கும் வழக்கமும் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் பெண்ணுக்கு நெசவு தெரியுமா என்று கேட்டவர்கள் இப்போது போட்டோ கேட்டார்கள்.

"போட்டோவ பாத்துட்டு மாப்பிள்ளையோட அக்கா ஒரு வார்த்தை சொன்னாங்க அண்ணா" என்றார் ரங்கையா. "பொண்ணு லட்சணமா கீது, ஆனா ஒடம்பு கொஞ்சம் பெருசுன்றாங்க. வெயிட் அறுபதுக்குள்ள இருந்தா மேல பேசலாமாம்."

"எங்க வீட்ல எல்லாருக்கும் கொஞ்சம் பூசின ஒடம்புதான்யா" என்றார் வேதாச்சலம்.

"நீங்க சொன்னா நான் நம்புவேன். மஸ்கட்காரன் நம்புவானா? ரேணிகுண்டா மிஷின்ல ஏத்தி, மாசாமாசம் அந்த அட்டைய குடுங்க. கவர்ல வச்சு அனுப்பிடறேன். குறைஞ்சிக்கினு வந்தா அவங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும்."

முதல் அட்டை எழுபத்தெட்டு என்றது. அதை அனுப்பத் தந்தைக்கு மனம் வரவில்லை. தகரப் பெட்டியில் போட்டுவிட்டார். அறுபது என்று எழுதிய அட்டை விழும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

பத்மினி சிறு வயது முதலே சற்றுப் பருமனான பெண். ஓடியாடி வேலை செய்வாள்; ஒரு நாளும் நோய் என்று படுத்தவள் அல்லள். ஆயினும் அவள் உடம்பைப் பற்றிப் பேசும் உரிமை தெருவில் எல்லோருக்கும் இருந்தது. ஆட்டோவில் அவள் ஏறினால், "அண்ணே, டயர்ல காத்து பாத்துக்கோ" என்று ஒரு குரல் வரும். கல்யாணப் பந்தியில் அவள் இலைக்கு இரண்டாம் முறை சாம்பார் வந்தால், பக்கத்து இலைக்காரி ஒரு கணம் சாப்பிடுவதை நிறுத்திப் பார்ப்பாள். சிரித்துக்கொண்டே கடந்துவிடப் பழகியிருந்தாள் பத்மினி. அட்டை வந்த பிறகு அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் செல்லுபடியாகவில்லை.

தாய் கிருஷ்ணம்மா கொடுமைக்காரி அல்லள். மகள் நல்ல இடத்தில் வாழவேண்டும் என்ற ஆசை அவளைக் காவலாளி ஆக்கியது. காலையில் ஒரு தம்ளர் நீர்மோர், மதியம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கேழ்வரகுக் களி, பொழுது சாய ஒரு கைப்பிடி வறுகடலை. சோற்றுப் பானை தாயின் கட்டிலருகே போயிற்று. தயிர்ச் சட்டியில் தயிர் நின்ற மட்டத்தை நகத்தால் கீறி வைத்தாள். "இன்னும் நாலு மாசம்டி. தாலி ஏறிட்டா உன்ன யாரு கேக்கப் போறாங்க" என்று தலை வாரிவிடும்போதெல்லாம் சொன்னாள்.

வீட்டின் பின்கட்டில் தறிக்கொட்டகை. நூல் அறுபடாமல் ஓடுவதற்கு அதற்குக் கஞ்சி போடவேண்டும். அரிசி மாவைப் பெரிய அண்டாவில் காய்ச்சி ஆறவைத்து, சிட்டம் சிட்டமாகக் கட்டிய நூலை அதில் முக்கிப் பிழிந்து காயப்போடுவார்கள். அந்த அண்டாவுக்குக் காவல் இல்லை. தறிச் சாமானைத் தின்பண்டம் என்று யார் நினைப்பார்கள்? ஆனி மாதத்தில் ஒரு நாள், பிற்பகலில் தறிகள் மின்சாரமின்றி நின்றிருந்தபோது, பத்மினி அதில் ஒரு சொம்பு முகந்து உப்புப் போட்டுக் குடித்தாள். வெதுவெதுப்பாக வயிற்றில் இறங்கிய அது அன்று முழுவதும் அவளைத் தாங்கிற்று. அதன்பின் வாரத்துக்கு மூன்று நான்கு முறை அது நடந்தது. ஒரு காகிதத்தில் உப்பு, முந்தானையில் அரை வெங்காயம். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே குடித்துவிட்டு, சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஈரத்தில் நூல் பூஞ்சை பிடிக்காமலிருக்க, வேதாச்சலம் அவ்வாண்டு முதன்முதலாகக் கஞ்சியில் ஒரு மருந்து கலந்தார். வீட்டில் அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பத்மினி அன்றும் வழக்கம்போலக் குடித்தாள். சற்று நேரத்தில் கொட்டகையிலேயே வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்தது. பூஞ்சை மருந்தைக் குடித்துவிட்டாள் என்று சொல்லித்தான் வேதாச்சலம் அவளைச் சேர்த்திருந்தார். கட்டிலருகே நின்ற டாக்டர் அம்மாள், "எந்துக்கு தாகாவம்மா?" என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். ஏன் குடித்தாய் என்ற அந்தக் கேள்வியை அவள் பதில் சொல்வதற்கு முன்பே தாய் பிடுங்கிக்கொண்டாள். "சாவற அளவுக்கு உனக்கு இன்னாடி கொற வச்சோம்? கல்யாணம் வேணாம்னா சொல்லியிருக்கக் கூடாதா?"

பத்மினி தந்தையைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பசித்தது என்ற சொல் அவளுக்கு வாய்வரை வந்தது. பருமனான பெண், தறிக் கஞ்சியைத் திருடிக் குடித்தாள் என்ற செய்தி பந்தி பந்தியாகப் பரிமாறப்படுவதை அவள் மனக்கண்ணில் கண்டாள். சாக முயன்றவள் என்றால் இரக்கப்படுவார்கள். பசித்தவள் என்றால் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

அவள் 'மருந்து குடிச்ச பொண்ணு' ஆனாள். மஸ்கட் இடம் விலகிப்போயிற்று. ரங்கையா தெருவில் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் அந்த வீட்டுக்கு எந்த ஜாதகமும் வரவில்லை. சோற்றுப் பானை சமையலறைக்குத் திரும்பியது. ஆனால் பத்மினியால் பிறர் கண் முன்னே ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்க முடியவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மிச்சம் மீதியை அவசரமாக விழுங்குவாள். மறுநாள் முழுக்கப் பட்டினி கிடப்பாள்.

1996-இல் ரேணிகுண்டா அருகே ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். வயசுப் பெண் தனியாகவா என்று வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அவள் கண்ணில் படாமலிருப்பது அவர்களுக்கும் ஒருவகையில் ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பெனியில் மதியம் மணி அடித்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் குழம்பையும் பொரியலையும் நடுவில் ஒரு மூடியில் கொட்டிப் பொதுவாகத் தொட்டுக்கொள்வார்கள். பத்மினி மட்டும் தன் டிபனை எடுத்துக்கொண்டு துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவாள். மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்த வள்ளி ஒரு நாள் வழி மறித்தாள். குப்பம் ஊரை அடுத்த குடுபல்லியிலிருந்து வந்தவள் அவள். அவள் தாய் தகப்பன் காலம் வரை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம்.

"இன்னாக்கா, நாங்க தொட்டத துன்னமாட்டியா நீ?"

"அய்யோ, அது இல்ல வள்ளி."

"வேற இன்னா? எங்க ஊரு டீக்கடைல எங்களுக்கு தனி தம்ளரு இருந்துச்சு. அத பாத்துட்டுதான் இவ்ளோ தூரம் வந்தேன். இங்கயும் நீ டப்பாவ தூக்கிக்கினு தனியா போய்க்கினு இருந்தா, நான் இன்னான்னு நெனக்கறது?"

பத்மினிக்கு உடம்பு கூசிற்று. தன் வெட்கம் இன்னொருத்திக்கு அவமானமாகப் போய்ச் சேரும் என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. உண்மைக் காரணத்தைச் சொல்லும் துணிவு அவளுக்கு இல்லை. பொய் சொல்லித் தப்பவும் இடமில்லை. உட்கார்ந்தாள். மூடியிலிருந்த வள்ளியின் கருவாட்டுக் குழம்பை எடுத்துச் சோற்றில் பிசைந்து, ஆறு பேர் பார்க்க வாயில் வைத்தாள். கண்ணில் நீர் கட்டியது.

"காரமா?" என்றாள் வள்ளி.

"ஆமா."

"நாளைக்குக் கம்மியா போடறேன். வந்துடு."

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். இப்படித் தொடங்கிய மீட்சி எளிதாக நடக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்ட நாளுக்கு மறுநாள் டிபன் இல்லாமல் வருவாள். "நேத்து துன்னதுக்கு இன்னிக்கு அபராதமா?" என்று கேட்டுவிட்டு வள்ளி தன் சோற்றில் பாதியைத் தள்ளி வைப்பாள். சில வாரம் எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும். யாரேனும் இடுப்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி மூட்டைக்குப் பின்னால் போய்விடுவாள். வயிறு கேட்கும்போது சோறு போடவும், போதும் என்றால் கையைக் கழுவவும் அவள் கற்றுக்கொள்ள நாலைந்து ஆண்டு பிடித்தது. எடை கூடிற்றா குறைந்ததா என்பது அவளுக்கே தெரியாது. ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் அந்த நடைமேடையின் மறுகோடியில் நின்றுதான் வண்டி ஏறுவாள்.

ஊரில் மட்டும் பெயர் மாறவில்லை. சுபகாரியங்களில் தாலித்தட்டைத் தொட அவளைக் கூப்பிடமாட்டார்கள். உயிரை விடத் துணிந்தவளின் கை ராசியற்றது என்பது அவர்கள் எண்ணம். வீட்டிலும் அவள் முகம் சற்று வாடியிருந்தால், தாய் எழுந்து போய்த் தறிக்கொட்டகையைப் பூட்டிவிட்டு வருவாள்.

2006 ஆடியில் ஒரு ஞாயிறு பத்மினி வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் ஒரு புதிய எடைக் கருவி கிடந்தது. வேதாச்சலத்துக்குச் சர்க்கரை நோய் முற்றியிருந்தது. மகன் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பியிருந்தான். கிருஷ்ணம்மா தினமும் கணவரை அதில் ஏற்றினாள். சோற்றுப் பானை மீண்டும் கட்டிலருகே போயிருந்தது.

தந்தையைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போன பத்மினி வாசலில் நின்றுவிட்டாள். தறிகளில் இரண்டு விற்றுப்போய் இடம் வெறிச்சென்றிருந்தது. மூலையில், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, வேதாச்சலம் ஒரு கிண்ணத்திலிருந்த பழைய சோற்றை அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தார். காலடி கேட்டதும் கிண்ணத்தை வேட்டிக்குள் மறைத்தார்.

"ஒண்ணும் இல்லமா. சும்மா..."

"பசிச்சுதா நைனா?"

அவர் தலை குனிந்தார்.

"எனக்கும் பசிச்சுது" என்றாள் பத்மினி. பதின்மூன்று ஆண்டு சொல்லாத சொல் அவ்வளவு சாதாரணமாக வெளியே வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. "அன்னிக்கு நான் சாவறதுக்குக் குடிக்கல. பசிச்சுதுன்னு குடிச்சேன்."

வேதாச்சலம் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"அண்டா பக்கத்துல காகிதத்துல உப்பு கெடந்துச்சு. கடிச்ச வெங்காயம் கெடந்துச்சு. சாவப் போறவ உப்பு ருசியா பாப்பா? உன்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கறதுக்கு முன்னாடி அத எடுத்து வாய்க்கால்ல போட்டேன்."

"ஏன் நைனா?"

கிண்ணத்தை வேட்டிக்குள்ளிருந்து எடுத்தபடி அவர் சொன்னார்: "மருந்து குடிச்சான்னா உன் பேர்ல போவும். பசிச்சு தறிக் கஞ்சி குடிச்சான்னா எம் பேர்ல இல்ல போவும்."

பத்மினி அழவில்லை. தந்தையின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்; அவர் பின்னால் வந்தார். இரண்டு தட்டு எடுத்து வைத்து, அங்கிருந்த தாயிடம், "சக்கரைக்கு எவ்ளோ துன்னலாமோ அவ்ளோ போடுமா. உக்காந்து துன்னட்டும்" என்றாள். அன்று பசித்துத்தான் குடித்தேன் என்ற ஒரு வரியை அவளிடமும் சொன்னாள். கிருஷ்ணம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள், அவர் மறுக்கவில்லை. மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வெளியில சொல்லாதடி. இனிமே எதுக்கு."

"நைனா சொல்லட்டும்" என்றாள் பத்மினி. "நாலு பேர் இருக்கற எடத்துல ஒரு தடவை. அது போதும்."

"சொல்றேன்மா" என்றார் வேதாச்சலம்.

அதன்பின் மூன்று ஆண்டுகளுக்குள் நான்கு கல்யாணம், இரண்டு கிரகப்பிரவேசம், ஒரு கோயில் கும்பாபிஷேகம் நடந்தன. ஒவ்வொன்றிலும் பத்மினி தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பேச்சுப் பேசினார். 2009 மாசியில் காலில் வந்த புண் ஆறாமல் இறந்துபோனார். அவருடைய தகரப் பெட்டியில், பத்திரங்களுக்கு அடியில், ஏழு எடை அட்டைகளும் நூலால் கட்டியபடி இருந்தன. கடைசி அட்டை அறுபத்தாறு.

பதினாறாம் நாள் காரியத்தன்று பத்மினி முதல் பந்தியில் உட்கார்ந்தாள். வந்திருந்த உறவினர் அதை எதிர்பார்க்கவில்லை. எதிர் வரிசையில், இப்போது பல் போன ரங்கையா, பக்கத்திலிருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அப்பவே பொண்ணு மருந்து குடிச்சதுல அவருக்கு மனசு உடைஞ்சி போச்சு. அந்தப் பொண்ணுதான் இது."

பத்மினி சோற்றில் குழி பறித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்: "மருந்து இல்ல மாமா. கஞ்சி. அறுபது கிலோ ஆவணும்னு பட்டினி போட்டிங்க. பசிச்சுது, தறிக் கஞ்சிய உப்பு போட்டுக் குடிச்சேன். நைனாவுக்குத் தெரியும்."

பந்தி முழுவதும் கை நின்றது. சமையலறை வாசலில் கிருஷ்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தெரியும் என்று சொல்ல வேண்டியவர் மாலையிட்ட படமாகச் சுவரோரம் இருந்தார். நம்பியதாகவோ நம்பாததாகவோ ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. பரிமாறுகிறவன் வாளியோடு அவள் இலைக்கு முன்னால் திகைத்து நின்றான்.

"ரசம் ஊத்துப்பா" என்றாள் பத்மினி.