அவர் கைக்குப் பொருந்திய பிடி

என் வீட்டுக்காரருக்குத் தலைக்கனம் உண்டு. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அது ஒரு பிடிகூடக் குறையவில்லை. குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்களின் பிஸ்டலுக்கு மரத்தில் கைப்பிடி செதுக்குவது அவர் தொழில். கடையில் விற்கும் பிடி எல்லாருக்கும் பொது. இவர் செய்வது ஒரே ஒருவர் கைக்கு. ஆளைக் களிமண்ணைப் பிடிக்க வைத்து அச்சு எடுப்பார். பிறகு வால்நட் கட்டையைச் செதுக்கி, அரத்தால் ராவி, நாலைந்து தடவை அதே ஆளை வரவழைப்பார். உள்ளங்கையில் கரித்தூள் தடவிப் பிடிக்கச் சொன்னால், மரம் எங்கே கையைத் தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று தெரிந்துவிடும். "கையப் பாத்தே ஆளு எப்படின்னு சொல்லிடுவேன்" என்று பீற்றிக்கொள்வார்.

பிஸ்டல் போட்டிகளில் சுடும் ஒரு நர்ஸ் பெண் பிடி கேட்டு அவரிடம் வந்தபோது மாநில அணித் தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. மூன்று வருஷமாக ஒரு புள்ளி, இரண்டு புள்ளியில் தவறிக்கொண்டிருந்தாள். வேலை குழந்தைகள் வார்டில். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று குழந்தைகளே சொல்லுமாம். அச்சு கொடுத்துவிட்டுப் போனவளுக்கு ஷிப்ட் மாறிவிட்டது, நடுவில் வரவே முடியவில்லை. இவரும் கூப்பிடவில்லை. ராவுவார், தன் கையில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி ராவுவார்.

"என்ன, நீங்களே போட்டிக்குப் போகப்போறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பிடியை வாங்க வந்தவள் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். "கட்டைவிரல் கிட்ட இடைவெளி இருக்கற மாதிரி இருக்குண்ணா."

அவர் முகம் சட்டென்று மாறியதை நான் பார்த்தேன். "புதுசு இல்லையா, பழகினா சரியாயிடும்" என்றார்.

"புதுச் செருப்புகூட நாலு நாள் கடிக்கத்தானே செய்யும்" என்று நானும் ஒத்து ஊதினேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

தேர்வில் பதினோரு புள்ளி குறைந்துபோனது. மறுநாள் அவளே வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள்.

"உங்க உழைப்ப வீணாக்கிட்டேண்ணா. பிடி மேல குத்தமில்ல. என் கைதான் நிக்க மாட்டேங்குது, ரெண்டு மாசமா பயிற்சியிலயே நடுங்குது. இத வேற யாருக்காவது குடுங்க."

அவர் பிடியை வாங்கினார். விரல்கள் தானாகப் போய் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்தன. எனக்குக் காது சுட்டது. அவர் கரித்தூள் டப்பாவை எடுத்து, அவள் உள்ளங்கையில் தடவிப் பிடிக்கச் சொன்னார். மரத்தில் மூன்றே இடத்தில் கறை பட்டது. அதைத் துடைத்துவிட்டுத் தன் கையில் தடவிப் பிடித்தார். பிடி முழுக்கக் கறுத்தது.

"உன் கை நடுங்கலம்மா. இது என் கைக்குச் செஞ்சது."

அவள் தன் கையையும் கறுத்த பிடியையும் பார்த்தாள். "இப்பதான் தெரிஞ்சுதாண்ணா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "இல்ல. அன்னைக்கு நீ இடைவெளின்னு சொன்னப்பவே தெரியும்" என்றார். "ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு."

அவள் கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்போம். அவள் கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"போன மாசமே ஊசி போடறத விட்டுட்டேண்ணா. நடுங்கற கைய வெச்சுக்கிட்டு குழந்தைங்களக் குத்தக்கூடாதுன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். இப்ப மேசை வேலைதான்."

வாசல் வரை போனவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"செருப்பா இருந்தா கழட்டிப் போட்டிருப்பேன்க்கா. நான் என் கையையில்ல சந்தேகப்பட்டேன்."

அவர் கறுத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்ட எனக்கு என்றைக்குமே வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை. அன்றைக்கு வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. சோப்பை மட்டும் எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.